அடுக்குத் தும்மலும் அலர்ஜி மாத்திரையும்: ஒன்பது வருட அனுபவம்

காலையில் பாயைச் சுருட்டும்போதே ஆரம்பித்துவிடும். ஒன்றிரண்டு இல்லை, அடுக்குத் தும்மலாகப் பதினைந்து, இருபது. அப்புறம் மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகும், கண் அரிக்கும், மேல்வாய் அரிக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். என் அறையை ஒட்டித்தான் கட்டிங் ஹால். துணி வெட்டும்போது பறக்கிற பஞ்சு, மத்தியானத்துக்குள் கீபோர்டு மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். 2016இல் தொடங்கிய தொல்லை இது. இதுவரை நான்கு விதமான அலர்ஜி மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டேன். என்னைப் போல மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் சாப்பிட்டது குளோர்பெனிரமின், 4 மில்லிகிராம். "ராத்திரி போடுங்கக்கா, தூக்கம் வரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போட்டால் ஒரு மணி நேரத்தில் மூக்கு காய்ந்துவிடும். வாயும் சேர்ந்து காயும். ராத்திரிதானே போடுகிறோம், காலையில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒருநாள் காலை ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும்போது சிக்னலில் பச்சை விழுந்ததைப் பார்த்தேன். பார்த்தும் கை முறுக்கவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்த பிறகுதான், ஓ, போக வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தூக்கமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது, மூளைதான் ஒரு அடி பின்னால் வந்துகொண்டிருந்தது. அன்று ஆபீஸில் ஒரு இன்வாய்ஸில் 1,86,000 என்பதை 1,68,000 என்று ஏற்றியிருந்தேன்.

பிறகு டாக்டர் விளக்கினார். தும்மலையும் அரிப்பையும் கிளப்பிவிடுகிற ஹிஸ்டமின், மூளைக்குள் வேறொரு வேலை செய்கிறது: நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. பழைய வகை மாத்திரைகள் மூக்கில் மட்டும் நிற்காமல் மூளைக்குள்ளும் நுழைந்து அங்கேயும் ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. குளோர்பெனிரமின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் ராத்திரி போட்டது காலையிலும் மிச்சம் இருக்கும். அவில் என்ற பெயரில் நமக்குப் பழக்கமான பெனிரமினும் இதே குடும்பம்தான். வண்டி ஓட்டுகிறவர்களும் தறி, கட்டிங் மெஷின் பக்கம் நிற்கிறவர்களும் இந்த வகையைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. குடித்துவிட்டுப் போட்டால் மயக்கம் இன்னும் கூடும்.

அடுத்து வந்தது செட்ரிசின், 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று. பழையதோடு ஒப்பிட்டால் நிம்மதியாக இருந்தது. ஆனால் இதையும் 'தூக்கம் வராத மாத்திரை' என்று நம்ப வேண்டாம். சிலருக்கு வரும், எனக்கும் லேசாக வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதன் அளவைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். நடுவில் ஒரு டாக்டர் மான்டெலுகாஸ்டும், செட்ரிசினின் நெருங்கிய உறவான லீவோசெட்ரிசினும் சேர்ந்த மாத்திரையை ஒரு மாதத்துக்கு எழுதினார். தினமும் கெட்ட கனவு வந்ததால் அவரிடமே சொல்லி மாற்றிக்கொண்டேன். மான்டெலுகாஸ்ட் மனநிலையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இல் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு மாதத்துக்கு எழுதிய சீட்டை வைத்து வருடக்கணக்கில் அந்த அட்டையை வாங்குகிறவர்களை நானே பார்க்கிறேன். தயவுசெய்து டாக்டரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்.

செட்ரிசினை ஒன்றரை வருடம் ஒருநாள் விடாமல் சாப்பிட்டேன். எதனால் அலர்ஜி என்று தெரிந்துகொள்ளலாமே என 2023இல் தோல் பரிசோதனைக்குப் போனேன். முன்கையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். அதில் ஒரு சொட்டு வெறும் ஹிஸ்டமின். அந்த இடம் யாருக்கும் கொசு கடித்த மாதிரி தடிக்க வேண்டும், பரிசோதனை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கால் மணி நேரம் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். எந்தக் கோட்டுப் பக்கமும் ஒரு புள்ளி கூட எழும்பவில்லை, ஹிஸ்டமின் வைத்த இடமும் அப்படியே இருந்தது. "மாத்திரை போட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டார் நர்ஸ். முதல் நாள் ராத்திரி போட்டிருந்தேன். நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று நேரம் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. பணமும் ஒருநாள் லீவும் வீணானது. ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்துவிட்டு வரச் சொன்னார்கள்.

நிறுத்திய இரண்டாம் நாள் ராத்திரி உள்ளங்கை அரித்தது. அப்புறம் உள்ளங்கால், தலை, முதுகு. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, ஆனால் நகத்தால் பிறாண்டாமல் இருக்க முடியவில்லை. காணாக்கடியாக இருக்கும் என்று வீட்டில் வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். எனக்கு இருந்தது தும்மல்தான், தோலில் ஒருநாளும் அரிப்பு வந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு நாள் தள்ளி, பரிசோதனையை முடித்தேன். தூசி உண்ணி (படுக்கை, தலையணையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி) வைத்த இடம் கால் ரூபாய்க் காசு அளவுக்குத் தடித்தது. பஞ்சுத் தூசிதான் காரணம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பஞ்சும் எரிச்சலைக் கிளப்பியிருக்கலாம், ஆனால் முதல் எதிரி என் தலையணையில் இருந்தது. பாயைச் சுருட்டும்போது ஏன் தும்மினேன் என்பது அன்றுதான் விளங்கியது.

அரிப்பைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் கேட்ட கேள்வி: "இது மாத்திரைக்கு முன்னாடி இருந்ததா, நிறுத்தின பிறகு வந்ததா?" பிறகுதான். செட்ரிசினையோ லீவோசெட்ரிசினையோ மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் சிலருக்கு இப்படி அரிப்பு வரும் என்றார். அலர்ஜி திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பிப்பார்கள், அரிப்பு அடங்கும், விடவே முடியாமல் வருடங்கள் ஓடும். அவர் எனக்குச் சொன்னபடி மாத்திரையை மறுபடி தொடங்கி, பிறகு தினமும் பாதி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி என்று இரண்டு மாதத்தில் இறக்கினேன். அரிப்பு வரவில்லை. இது எனக்குச் சொன்ன கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம். 2025 மே மாதம் எஃப்டிஏ இதையே எச்சரிக்கையாக வெளியிட்டது. அவர்கள் பார்த்த 209 பேரில் பெரும்பாலோர் மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள். இப்படி வருவது அரிதுதான். ஆனால் வந்தவர்களுக்கு அதன் காரணம் தெரிய வேண்டும், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இப்போது தேவைப்படும் நாளில் மட்டும் ஃபெக்சோஃபெனடின் 120 மில்லிகிராம். நான் சாப்பிட்டதிலேயே மந்தம் தராதது இதுதான். ஆரம்பத்தில் சில நாள் வேலை செய்தது, சில நாள் செய்யவில்லை. காரணம் ஜூஸ். வெயிலுக்கு சாத்துக்குடி ஜூஸ் வாங்கி, அதோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். பழச்சாறு இந்த மருந்தை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும், வெறும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். அலுமினியம், மெக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பிலாஸ்டின் என்ற இன்னொரு அலர்ஜி மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால் அதை வெறும் வயிற்றில் போட வேண்டும்.

இனி எங்கள் மாமனாருக்கு நடந்தது. வயது 71, புராஸ்டேட் வீக்கம் உண்டு. போன மழைக்காலத்தில் சளி பிடித்து, தெருமுனை மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கி மூன்று வேளை போட்டிருக்கிறார். ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். என்னிடம் சொல்லக் கூச்சம், விடிகாலையில்தான் என் கணவரிடம் "ஒன்னுக்குப் போகவே முடியலைடா" என்று சொல்லியிருக்கிறார். அடிவயிறு கல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். டாக்டர் அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டினார்: பாராசிட்டமால், மூக்கடைப்பைக் குறைக்கும் பினைலெஃப்ரின், குளோர்பெனிரமின். கடைசியில் உள்ளது சிறுநீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்தும், நடுவில் உள்ளது அதன் வாயை இறுக்கும். நான் 2016இல் சாப்பிட்ட அதே மருந்து வேறு பெயரில் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. சளி மாத்திரை வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அலர்ஜி மாத்திரை போடுகிறவர்கள் இதையும் சேர்த்தால் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்து உள்ளே போகும். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம் உள்ள பெரியவர்களுக்குப் பழைய வகை வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. கர்ப்பமாக இருப்பவர்கள் எந்த அலர்ஜி மாத்திரையையும் டாக்டரைக் கேட்டே போடுங்கள்.

இன்னொன்று. உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அதற்கு அட்ரீனலின் ஊசிதான் மருந்து, உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையால் எனக்குத் தும்மலும் அரிப்பும் அடங்கின, மூக்கடைப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. அதற்கு டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேதான் கைகொடுத்தது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அடித்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை என்று பிடித்தால், முனை நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் திரும்பும், ரத்தம் கசியாது. தலையணை உறையும் போர்வையும் வாரம் ஒருமுறை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நனைகின்றன. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, போன மாதம் மொத்தமே மூன்று மாத்திரைதான் போட்டிருக்கிறேன். இந்த மார்கழியில், பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும் வேலையை என் கணவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.