கால்குலஸ் டூ: காசில்லாமல் படிக்க எது உதவும், எது கைவிடும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல் என எதில் சேர்ந்தாலும் ‘கால்க் டூ’, அதாவது தொகையிடும் முறைகளும் முடிவிலித் தொடர்களும் வரும் இரண்டாவது கால்குலஸ் பாடம், குறுக்கே வந்து நிற்கும். பெரும்பாலும் நான்கு கிரெடிட், ஏறக்குறைய பதினைந்து வாரம். ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும் என்பது அந்நாட்டு அரசு வகுத்த அளவு. ஆக, இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் வாரம் பன்னிரண்டு மணி நேரம் போகும். கோடை விடுமுறையில் எட்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் அந்த எண்ணை ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கென்று இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். அவற்றை எடைபோட நாம் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: எந்த முறையைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கப் பழக்குகிறதா? கால்குலஸ் ஒன்றில் வகையிடலுக்கு விதிகள் உண்டு. விதியைப் போட்டால் விடை வந்துவிடும். இரண்டில் வரும் தொகையிடலில் அப்படி இல்லை. தொகையிட வேண்டிய பின்னத்தின் கீழே எக்ஸ் வர்க்கம் கூட்டல் 4 இருக்கிறது என்று வையுங்கள். மேலே எக்ஸ் இருந்தால் பிரதியிடல், விடையில் இயல் மடக்கை வரும். மேலே வெறும் 1 இருந்தால் நேர்மாறு டேன்ஜென்ட். மேலே எக்ஸ் வர்க்கமே இருந்தால் முதலில் வகுத்துவிட்டுத்தான் மற்றது. கீழே உள்ளதற்கு வர்க்கமூலம் போட்டு மேலே 1 வைத்தால் முக்கோணவியல் பிரதியிடல். நான்கும் பார்வைக்கு அண்ணன் தம்பி; வழி நான்கும் வேறு. ‘இதைப் பகுதித் தொகையிடலால் செய்க’ என்று தேர்வுத்தாளில் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

முதலில் புத்தகம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016இல் வெளியிட்ட கால்குலஸ் நூலின் இரண்டாம் பாகம். வலைத்தளத்தில் படிக்கலாம், பிடிஎஃப் ஆகவும் இறக்கலாம், காசு கிடையாது. ஏழு அத்தியாயம்: தொகையிடல், அதன் பயன்பாடுகள், தொகையிடும் முறைகள், வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு அறிமுகம், தொடர்முறைகளும் தொடர்களும், அடுக்குத் தொடர்கள், கடைசியில் துணையலகுச் சமன்பாடுகளும் துருவ ஆயங்களும். ஏழும் புதுச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டு அத்தியாயங்கள் முதல் பாகத்தின் கடைசியிலும் உண்டு; ஏழாவது அத்தியாயம் மூன்றாம் பாகத்தின் தொடக்கத்திலும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடத்தை வெட்டும் இடம் மாறுவதால் இந்த ஏற்பாடு. உண்மையான கால்க் டூ என்பது நடுவில் உள்ள நான்கு அத்தியாயங்கள்தான்.

விளக்கம் நிதானமானது, படங்கள் நன்று. சுழற்சிக் கனவளவுகளுக்கு வட்டத்தகடு முறை, உருளைக்கூடு முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது தெளிவு. குறை எங்கே என்றால், பயிற்சிகள் அந்தந்தப் பிரிவின் முறைக்கே உரியவை. 3.1இல் எல்லாம் பகுதித் தொகையிடல், 3.4இல் எல்லாம் பகுதிப் பின்னங்கள். நாற்பது கணக்கு போட்டாலும் கைதான் பழகும், கண் பழகாது. அத்தியாய இறுதியில் உள்ள மறுபார்வைக் கணக்குகளில்தான் கலப்படம் வருகிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. தலைகீழாகச் செய்து பாருங்கள்: வகுப்பில் பாடம் முடிந்ததும் ஒவ்வொரு பிரிவிலும் ஆறேழு கணக்கு மட்டும், மிச்ச நேரம் முழுக்க மறுபார்வைப் பகுதிக்கு. விடைகள் ஒற்றைப்படை எண் கொண்ட கணக்குகளுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறார்கள் என்பதை முன்பே தெரிந்துகொண்டு கணக்கைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வரையிலான அத்தியாயங்களில் நிறையப் பழைய சோறு உண்டு. பகுதித் தொகையிடலுக்குப் பெர்னோலி சூத்திரம், பகுதிப் பின்னங்கள், சுழற்சிக் கனவளவு, முதல்வரிசை வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் பள்ளியிலேயே வந்தவை. அந்தத் தெம்பில் முதல் ஆறு வாரம் புத்தகத்தைத் திறக்காமல் இருப்பதுதான் ஆபத்து. ஐந்தாம் அத்தியாயத்தின் ஒருங்குதல் சோதனைகள், அதாவது முடிவில்லாமல் போகும் தொடரின் கூட்டுத்தொகை ஓர் எண்ணில் போய் நிற்குமா என்று பார்ப்பவை, பள்ளியில் வந்ததில்லை. இன்னொரு சின்னச் சிக்கல்: நம் பாடநூலில் கால்குலஸ் பகுதியில் ‘லாக்’ என்று எழுதினால் அது இயல் மடக்கை. அமெரிக்க வகுப்பில் அதற்கு ‘எல்என்’. வெறும் ‘லாக்’ என்றால் பெரும்பாலும் பத்தை அடிமானமாகக் கொண்டது. வரைபடம் போடும் இணையக் கருவியான டெஸ்மாஸும் பத்து என்றே எடுத்துக்கொள்ளும். கணக்குக்கு விடை தரும் தளமான உல்ஃப்ரம் ஆல்ஃபாவோ இயல் மடக்கை என்று எடுத்துக்கொள்ளும். எங்கும் ‘எல்என்’ என்றே எழுதிவிடுவது பாதுகாப்பு.

லமார் பல்கலைக்கழகத்தின் பால் டாகின்ஸ் வைத்திருக்கும் இணையக் குறிப்புகள் பார்வைக்குப் பழைய காலத்து வலைத்தளம் போலத்தான் இருக்கும். ஆனால் நம் அளவுகோலில் முதலிடம் இதற்கே. தொகையிடலுக்கு ஒன்று, தொடர்களுக்கு ஒன்று என்று ‘உத்தி’ப் பக்கங்கள் இரண்டு தனியாக உண்டு. கணக்கைப் பார்த்ததும் எதை முதலில் சோதிப்பது, அது பலிக்காவிட்டால் அடுத்து எங்கே போவது என்று வரிசையாகச் சொல்கின்றன. ஓப்பன்ஸ்டாக்ஸின் 3.5 அட்டவணைகளையும் கணினி மென்பொருளையும் பற்றிப் பேசி நின்றுவிடுகிறது; இந்த வேலையைச் செய்வதில்லை. பயிற்சிக் கணக்குகளுக்குப் படிப்படியான தீர்வு உண்டு. அசைன்மென்ட் கணக்குகளுக்கு வேண்டுமென்றே தீர்வு கிடையாது. முதல் வகையில் தீர்வை மூடிவைத்துப் போடுங்கள், இரண்டாவது வகையை நண்பரோடு விடை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புகளில் வெக்டர்களும் முப்பரிமாண வெளியும் கால்க் டூவில் அடக்கம். உங்கள் சிலபஸில் அவை இல்லையென்றால் தாண்டிவிடலாம். வகைக்கெழுச் சமன்பாடுகளை இங்கே தேடினால் கிடைக்காது, அவற்றுக்கு வேறு பாடம் வைத்திருக்கிறார்.

தொடர்களில் ஏன் இத்தனை பேர் சறுக்குகிறார்கள்? உள்ளுணர்வு பொய் சொல்லும் இடம் அது. 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடரில் உறுப்புகள் பூஜ்யத்தை நெருங்குகின்றன. ஆனாலும் தொடர் விரிகிறது, அதாவது கூட்டுத்தொகை எல்லையின்றி வளர்கிறது. டெஸ்மாஸில் முதல் ஆயிரம் உறுப்புகளைக் கூட்டச் சொன்னால் 7.49 வரும், பத்து லட்சத்துக்கு 14.39. ஏதோ ஓர் இடத்தில் நின்றுவிடும் போலத்தான் தோன்றும்; நிற்காது. 1 + 1/4 + 1/9 + 1/16 என்பதோ ஒருங்குகிறது. இரண்டுக்கும் விகிதச் சோதனையை (அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் எதை நெருங்குகிறது என்று பார்ப்பதை) போட்டால் ஒரே விடை: 1. அதாவது, சோதனை எதுவும் சொல்லவில்லை என்று பொருள். ‘1 வந்தது, ஆகவே ஒருங்குகிறது’ என்று எழுதுவதும், ‘உறுப்பு பூஜ்யமாகிறது, ஆகவே ஒருங்குகிறது’ என்று எழுதுவதும் விடைத்தாள்களில் ஓயாமல் வரும் இரண்டு பிழைகள். மூன்றாவது, அடுக்குத் தொடரின் ஒருங்கும் இடைவெளி, அதாவது எக்ஸின் எந்த மதிப்புகளுக்கு அது ஒருங்குகிறது என்பது. விகிதச் சோதனை ஆரத்தைத் தரும், இரு முனைப் புள்ளிகளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள்.

இதற்கு நல்ல மருந்து ஏபி கால்குலஸ் பிசி தேர்வின் பழைய வினாத்தாள்கள். பள்ளி மாணவர்களுக்கான தேர்வுதான், ஆனால் பாடத்திட்டம் கால்க் ஒன்றையும் இரண்டையும் சேர்த்தது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தன் தளத்தில் விரிவான விடை எழுதும் வினாக்களை மதிப்பெண் வழிகாட்டியோடு வெளியிட்டிருக்கிறது. ஆறு வினா, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது மதிப்பெண். பெரும்பாலான ஆண்டுகளில் ஆறாவது வினா டெய்லர் தொடர் அல்லது ஒருங்குதல் பற்றியதாகவே இருக்கும். பத்து ஆண்டு ஆறாவது வினாக்களை மட்டும், ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் போட்டுவிட்டு, வழிகாட்டியைப் பார்த்து உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள். எந்தச் சோதனையைப் பயன்படுத்தினீர்கள், அதன் நிபந்தனைகள் பொருந்துகின்றனவா என்று எழுதாவிட்டால் விடை சரியாக இருந்தும் மதிப்பெண் எங்கே கழிகிறது என்பது அப்போது புரியும்.

எம்ஐடி தன் பாடங்களை இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேரின் 18.01 கால்குலஸ் பாடத்தில் டேவிட் ஜெரிசனின் விரிவுரைகள் அருமை. தன்னிச்சையாகப் படிப்போருக்கான பதிப்பு ஐந்து அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்து நமக்கு. ஆனால் இரண்டு செமஸ்டர் பாடத்தை ஒரே செமஸ்டரில் முடிக்கும் வேகம் அது. முடிவிலித் தொடர்களுக்குக் கடைசியில் சில வகுப்புகளே. கருத்து புரியவில்லை என்றால் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் வேண்டாம்.

கருவிகளில் டெஸ்மாஸுக்கு ஒரு குறிப்பிட்ட வேலை உண்டு: படம். துருவ ஆயங்களில் மூன்று இதழ் பூ வரைந்து பரப்பு காணச் சொன்னால், பலர் பூஜ்யம் முதல் 2 பை வரை தொகையிட்டு இரட்டிப்பு விடையோடு வருவார்கள். டெஸ்மாஸில் கோணத்தைப் பூஜ்யம் முதல் பை வரை மட்டும் கொடுத்துப் பாருங்கள், மூன்று இதழும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். உல்ஃப்ரம் ஆல்ஃபாவில் விடை இலவசம், முழுப் படிகளுக்குக் கட்டணம். விடையைச் சரிபார்க்க மட்டும் வையுங்கள். அதுவும் உங்கள் விடையை வகையிட்டுப் பார்த்த பிறகு. வகையிடல் இலவசம், தேர்வு அறையிலும் அனுமதி உண்டு. அதன் விடை உங்களுடையதிலிருந்து வேறு வடிவத்தில் இருந்தால் பதற வேண்டாம், இரண்டும் ஒரு மாறிலியால் மட்டும் வேறுபடலாம்.

வீட்டுப்பாடம் பல துறைகளில் வெப்வொர்க்கில் வரும். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990களில் பிறந்த இலவச அமைப்பு அது. கணக்கு சரியாக இருந்தும் சிவப்பு காட்டினால் முதல் சந்தேகம் அடைப்புக்குறி மேல் வரட்டும். அடுக்கில் ‘கழித்தல் 2 எக்ஸ்’ முழுவதையும் அடைப்புக்குள் போடாவிட்டால், எக்ஸ் அடுக்கிலிருந்து கீழே இறங்கிவிடும். சமர்ப்பிக்கும் முன் முன்னோட்டப் பொத்தானை அழுத்தினால், நீங்கள் தட்டியதை அது எப்படிப் படித்தது என்று காட்டும். முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும்போது இது பெரிய சேமிப்பு.

இலவசம் என்று நாம் சொன்னாலும் பேராசிரியர் கட்டண வீட்டுப்பாடத் தளத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அப்போது பழைய புத்தகம் வாங்கினால் அந்தத் தளத்தில் நுழைவதற்கான அணுகல் குறியீடு இருக்காது, குறியீட்டைத் தனியாக வாங்க நேரும். சிலபஸ் கையில் வரும்வரை எதையும் வாங்காதீர்கள். அதே சிலபஸில் கால்குலேட்டர் அனுமதி உண்டா, சூத்திரத் தாள் தருவார்களா, வகுப்பைக் கைவிடக் கடைசித் தேதி எது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர்கள் கைவிடும் முன் இன்னொன்றைக் கணக்கிட வேண்டும். முழுநேர மாணவர் என்பதற்கு 12 கிரெடிட் தேவை. 14 எடுத்திருப்பவர் நான்கு கிரெடிட் பாடத்தை விட்டால் பத்தில் நிற்பார். ஆகவே பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்க வேண்டும், பிறகு போய்ச் சொல்வது செல்லாது.