கூடமா, களமா, ரோபோவா: ஒரே ஸ்பீக்கருக்கு ஏன் மூன்று கிராஃப்?

பேஸுக்கு ஆறரை அங்குல வூஃபரும் மேல் ஒலிக்கு ஒரு ட்வீட்டரும் உள்ள சாதாரண ஸ்பீக்கர். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று காட்டும் அதன் கிராஃபைப் பாருங்கள். ஒரு விமர்சனத்தில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு மேடாக இருக்கிறது. இன்னொன்றில் அதே இடம் தட்டை. மூன்றாவதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடே இல்லை. உடனே 'மைக் மட்டம்', 'காசு வாங்கிவிட்டார்' என்று ஆரம்பிக்கிறார்கள். எங்கே வைத்து, எப்படி அளந்தார்கள் என்று கேட்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருப்பவர் தானே அளந்து பார்க்க நினைத்தால் கைக்கெட்டுவது இரண்டு இடங்கள்: வீட்டுக் கூடம், சிமெண்ட் போட்ட நெற்களம்.

கூடத்தில் அளப்பவர் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலி மைக்கை எட்டுவதற்குள் பதிவை வெட்டிவிட வேண்டும். இதற்குத்தான் 'கேட்' என்று பெயர். ஸ்பீக்கரும் மைக்கும் 1 மீட்டர் உயரம், இடைவெளி 1 மீட்டர் என்றால், தரையில் பட்டு வரும் ஒலி 2.24 மீட்டர் பயணம் செய்கிறது. நேர் ஒலியைவிட 1.24 மீட்டர் கூடுதல், அதாவது சுமார் 3.6 மில்லி செகண்ட் தாமதம். இந்த நேரத்துக்குள் அடங்கும் மிகக் குறைந்த அதிர்வெண் 280 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கோடு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அது மென்பொருள் இழுத்த கோடு. தவிலின் தொப்பிப் பக்கத்து அடி பெரும்பாலும் விழுவது அந்தக் காணாத பகுதியில்தான்.

கூரை 3 மீட்டர் உயரமா? ஸ்பீக்கரை ஸ்டூல்மேல் ஏற்றி 1.5 மீட்டரில் வைத்தால் கேட் 6.2 மில்லி செகண்டாக நீளும், 160 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். அதே 6 மில்லி செகண்டை 1 மீட்டர் உயரத்தில் வைத்த ஸ்பீக்கருக்கும் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தரை எதிரொலி உள்ளே புகுந்து, கோட்டில் சீப்புப் பல் போல ஏற்ற இறக்கம் வரும். பழி, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர்மேல் விழும். பழைய வீட்டு முற்றம் திறந்திருக்கிறதே என்று அங்கே கொண்டுபோனாலும் பயன் குறைவு. மேலே வானம்தான், ஆனால் சுற்றிலும் தூணும் சுவரும்.

கீழ்ப் பகுதியை நிரப்ப மைக்கை வூஃபர் கூம்பின் முகத்திலேயே வைத்து அளக்கும் முறை உண்டு. 1974இல் ஒலிப் பொறியாளர் கீல் விளக்கியது. இந்த அளவு வூஃபருக்கு மைக் 7 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்டியில் போர்ட் (காற்றுக் குழாய்த் துளை) இருந்தால் அதைத் தனியாக அளந்து, பரப்புக்கு ஏற்பக் குறைத்துத்தான் கூட்ட வேண்டும். கூம்பு 13 செ.மீ., போர்ட் 5 செ.மீ. விட்டம் என்றால் குறைக்க வேண்டியது 8.3 டெசிபல். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பெட்டியின் முகப்பைவிட அலைநீளம் பெரிதாகும்போது ஒலி பின்னாலும் பரவி, முன்பக்கம் 6 டெசிபல் வரை இழக்கும். கூம்பருகே வைத்த மைக்குக்கு இந்த இழப்பு தெரியாது. திருத்தாமல் ஒட்டினால் பேஸ் மேடாகத் தெரியும். முதலில் சொன்ன 100 ஹெர்ட்ஸ் மேடு பெரும்பாலும் இதுதான். ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ இதழின் கிராஃப்களிலும் இந்த மேடு வரும். அது அளவு முறையால் வந்தது என்று அங்கே அளப்பவரான ஜான் அட்கின்சன் எழுதியும் விடுவார். கிராஃபை மட்டும் வெட்டிப் பகிர்பவர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

களத்தில் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் வேண்டாம். ஸ்பீக்கரைத் தரையில் பக்கவாட்டில் படுக்க வைத்து, 2 மீட்டர் தள்ளி மைக்கைத் தரையோடு தரையாக வைக்க வேண்டும். தரை எதிரொலியும் நேர் ஒலியும் ஒன்றாகவே வந்து சேருவதால் 6 டெசிபல் கூடும். தூரம் இரட்டிப்பானதில் 6 டெசிபல் போகும். ஆக, கிடைப்பது திறந்தவெளியில் 1 மீட்டரில் அளந்த அளவு. மைக்குக்குப் பின்னால், ஸ்பீக்கரிலிருந்து 10 மீட்டரில் ஒரு சுவர் இருந்தாலும் கோடு 1 டெசிபல் அளவுக்குத்தான் ஆடும். மண் களம் ஆகாது, ஒலியைக் குடிக்கும். வைக்கோலைக் கூட்டித் தள்ளிவிட வேண்டும். தை, மாசியில் அங்கே சம்பா நெல் கிடக்கும். சித்திரை, வைகாசியில் விடியற்காலை, காற்று எழும்புமுன் போனால் சரி. மைக்குக்குப் பஞ்சு உறை அவசியம். மோட்டார் கொட்டகையிலிருந்து மின்சாரம் இழுப்பதைவிட, டிராக்டர் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் நிம்மதி. களத்தின் குறை மேல் அதிர்வெண்களில்: தரை கண்ணாடி போல் பெட்டியை இரட்டிப்பாக்குவதால் முகப்பு அகலமும் மாறிவிடுகிறது. அதனால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே களத்துக் கோடு, மேலே கூடத்துக் கோடு என்று ஒட்டுவதே எங்கள் தேர்வு.

தலைப்பில் சொன்ன ரோபோ, கிளிப்பல் நிறுவனத்தின் தானியங்கி ஸ்கேனர். ஸ்பீக்கரைச் சுற்றி மைக்கை நகர்த்தி, அறையின் பங்கைக் கணக்கால் கழித்துவிடும். 70 கோணங்களின் கோடுகளையும் அதிலிருந்து எடுக்கலாம். முழுப் படம் வேண்டுமென்றால் இதற்கு நிகர் இல்லை. ஆனாலும் அது அளந்தது ஒரே ஒரு பெட்டியை. உங்கள் ஜோடியில் இடதும் வலதும் ஒன்றா என்று அது சொல்லாது. அதைக் கூடத்திலேயே பத்து நிமிடத்தில் பார்க்கலாம்: ஸ்டூலையும் மைக்கையும் அசைக்காமல் பெட்டியை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டு விஷயங்கள் எந்த இடத்திலும் குழப்பும். யூமிக் என்ற அளவு மைக்கோடு 0 டிகிரி, 90 டிகிரி என்று இரண்டு திருத்தக் கோப்புகள் கிடைக்கும். மைக்கை ஸ்பீக்கர் நோக்கி நீட்டிவிட்டு 90 கோப்பைப் போட்டால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இல்லாத பளபளப்பு வரும். இன்னொன்று, எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளக்க ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் 2.83 வோல்ட். 8 ஓமுக்கு அது 1 வாட், 4 ஓமுக்கு 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் '3 டெசிபல் அதிகச் சத்தம்' என்று வாங்கும் பாராட்டு பல நேரம் இவ்வளவுதான்.

ஆம்ப் பக்கச் சண்டை இவ்வளவு சுவாரசியமில்லை. சினாட் (சிக்னலுக்கும், இரைச்சலும் சிதைவும் சேர்ந்ததற்கும் உள்ள விகிதம்) 80 டெசிபல் என்றால் குறைபாடு 0.01 சதவீதம், 100 என்றால் 0.001. மின்விசிறி சுற்றும் கூடத்தில் இரண்டையும் காதால் பிரிப்பது கடினம். கிளாஸ் டி (வேகமாக ஸ்விட்ச் ஆகி இயங்கும்) ஆம்பை அளக்கும்போது மட்டும் கவனம்: பலவற்றில் ஸ்பீக்கர் பக்கக் கருப்பு முனையும் பூமி (கிரவுண்ட்) அல்ல. சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பின் சவுண்ட் கார்டு பூமியை அதில் மாட்டினால் ஆம்ப் புகைந்துவிடலாம். முதலில் மல்டிமீட்டரில் கருப்பு முனைக்கும் உள்ளீட்டுப் பூமிக்கும் இடையே வோல்ட் பாருங்கள். பாதி சப்ளை வோல்ட் காட்டினால் வயரைக் கீழே வையுங்கள்.