வி.ஏ. வின்டேஜ் பதிவு: பூர்வீகமாக வந்த கன்வெர்ட்டிபிளை விற்பவருக்கு எவ்வளவு பயன்?

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021 ஜூலையில் வின்டேஜ் என்ற தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. இதில் புதிதாகத் தரும் எண்ணில் வி.ஏ. (VA) என்ற எழுத்துகள் வரும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 20-ல் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஷெட்டில் நிற்கும் மோரிஸ் மைனர் கன்வெர்ட்டிபிளை (துணிக் கூரையை மடக்கும் பழைய பிரிட்டிஷ் கார்) அப்படியே விற்க நினைக்கும் வாரிசுக்கு இது எவ்வளவு உதவும் என்று மட்டும் இங்கே பார்க்கிறோம்.

திட்டத்தின் ஆகச் சிறந்த அம்சம், ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது. எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் மெட்ராஸ் கால எண்ணுக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. வி.ஏ. வரிசை எண் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்குத்தான்.

இன்னொரு விதி விற்பவருக்கு நேரடியாகச் சாதகம். சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். நம் ஊரில் எத்தனையோ பழைய கார்களில் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். கை வைக்காத கார் துருப்பிடித்திருந்தாலும் அந்த வகையில் மேல். ஆகவே விற்குமுன் பெயின்ட் அடிப்பது, டிங்கரிங் செய்வது எதுவும் வேண்டாம். புது பெயின்டைப் பார்த்தால் அடியில் பட்டி எவ்வளவு இருக்கிறதோ என்றுதான் விவரம் தெரிந்தவர் யோசிப்பார். கிழிந்த ஹூட் துணியையும் (மடக்கும் கூரைத் துணி) தூக்கிப் போடாதீர்கள், புதுத் துணிக்கு அதுதான் அளவு.

இவ்வளவு இருந்தும், விற்பதற்கு முன்பே வி.ஏ. பதிவு எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. இந்தப் பதிவுக்கென உள்ள மாநிலக் குழு வண்டியை நேரில் ஆய்வு செய்யும். ஓடாத காரை அதற்குத் தயார்படுத்தவே பெரிய செலவாகும். அதைவிட முக்கியம், வின்டேஜாகப் பதிவான கார் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் ஓடலாம். தினசரி உபயோகமும் வாடகையும் கூடாது. கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விட நினைப்பவர் அந்த நிமிஷமே விலகிவிடுவார். வாங்குபவரே முடிவு செய்யட்டும்.

விற்பவர் கட்டாயம் முடிக்க வேண்டியது வாரிசுப் பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 கொடுக்க வேண்டும் என்பது விதி. வருடங்கள் ஓடிவிட்டால் அபராதம் கட்டிச் செய்யலாம். ஆர்.சி. புத்தகம், இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், நடப்பு இன்சூரன்ஸ் எல்லாம் தயாராக இருக்கட்டும். பெரும்பாலும் சிக்குவது ஒரே இடத்தில்தான்: பழைய அட்டைப் புத்தகத்தின் விவரம் 'வாகன்' என்ற அரசின் கணினிப் பதிவேட்டில் ஏறியிருக்காது. பதிவு செய்த அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போடச் சொல்லிக் கேளுங்கள். பெயர் மாறாத காருக்குக் கேட்கும் விலை கிடைக்காது.

அடுத்து, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பிற்கால மைனர்களில் அது எம்.ஏ.டி. (MAT) என்று தொடங்கினால் கன்வெர்ட்டிபிள், எம்.ஏ.2.எஸ். (MA2S) என்றால் அது முதலில் கெட்டிக் கூரை கொண்ட இரண்டு கதவு சலூன், யாரோ கூரையை அறுத்திருக்கிறார்கள். இன்ஜினும் வருடத்தோடு பொருந்த வேண்டும்: 1948-ல் வந்த முதல் மைனருக்கு 918 சிசி, 1952 முதல் 803, 1956 முதல் 948, 1962 முதல் 1098.

கன்வெர்ட்டிபிளுக்குக் கூரையின் பலம் கிடையாது. பாரம் முழுக்கக் கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' (sill) என்ற பகுதியில்தான். அது அரித்துவிட்டால் பாடி நடுவில் தொய்யும். கதவின் பின்விளிம்பு இடைவெளி மேலே நெருங்கி, கீழே அகலும். சமதரையில் நிறுத்தி இந்த இடைவெளியைப் போட்டோ எடுத்து, விளம்பரத்தில் அப்படியே போடுங்கள். மறைத்தால் பார்க்க வரும்போது அதைச் சொல்லியே விலையை அடிப்பார்கள்.

நின்றுபோன இன்ஜினைப் பேட்டரி போட்டுச் சுற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றி, ஓட்டைகளில் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, இன்ஜினைச் சுற்றும் ஹேண்டிலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சுற்றுகிறது என்று சொல்ல முடிந்தாலே பேரத்தில் கை ஓங்கும். அதற்குப் பிறகு பேட்டரி மாட்டுவதானால், இந்தக் காரில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு இணைவது, என்பதை மறக்கக்கூடாது.

விலை பேசி முடித்ததும் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுங்கள். வெளி மாநிலம் என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி.யும் வேண்டும். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போக யாரையும் விடாதீர்கள். மைனரின் முன்சக்கர டிரனியன் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டு) மரை தேய்ந்திருந்தால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். நாள்பட நின்றதில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் இறுகியிருக்கும். பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த வாடகை யாருடையது என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.