மிஸ்டு கால், மாத்திரைப் பெட்டி, வீடியோ: ஏற்காட்டு மலைக்கு எது சரிப்படும்?

காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாத மாத்திரை. இருமல் நின்று உடம்பு தேறினதும், மூன்றாம் மாதத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தினமும் போடுகிறார்களா என்று பார்க்க இப்போது மின்னணு வழிகள் மூன்று உண்டு. மலைக் கிராமங்களில் வீடு வீடாக நடப்பவள் என்பதால் எனக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது.

99டாட்ஸ் முறையில் மாத்திரை அட்டை ஒரு காகித உறைக்குள் இருக்கும். மாத்திரையைப் பிதுக்கினால் பின்னால் ஒளிந்திருக்கும் எண் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால். காசு பிடிக்காது, பட்டன் போனே போதும். ஆனால் மாத்திரை அட்டையிலிருந்து வெளியே வந்ததுதான் தெரியும், வயிற்றுக்குள் போனதா என்பது தெரியாது. நாகலூர் பக்கம் ஒரு பாட்டி வீட்டில் இருப்பது ஒரே போன். அதை மகன் காப்பித் தோட்டத்துக்கு எடுத்துப் போய்விடுவான். பாட்டி நாள் தவறாமல் விழுங்குவார். எங்கள் கண்காணிப்புத் திரையிலோ வாரம் முழுக்க விடுபட்டதாகக் காட்டும். சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்து ஒப்பிட்டபோதும் இதே கதைதான். கூப்பிட்டவர்களில் சிலர் விழுங்கவில்லை, விழுங்கியவர்களில் சிலர் கூப்பிடவில்லை.

மெர்ம் எனும் மாத்திரைப் பெட்டிக்கு நோயாளியிடம் போனே வேண்டாம். நேரமானால் சத்தம் போடும், திறந்தால் தானே பதிவு செய்துகொள்ளும். பேரப்பிள்ளை விளையாட்டாகத் திறந்தாலும் பதிவுதான்! வேலைக்குப் போகிறவர் நாலு நாள் மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு போனால், ஒரு நாள்தான் கணக்கில் ஏறும். இருந்தாலும் பாட்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நோயாளி எடுத்து அனுப்பும் வீடியோவில் விழுங்குவதையே கண்ணால் பார்க்கலாம். கீழே சேலம் செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைப் பையன்களுக்கு நல்ல வழி. மலையில் சிக்னலுக்காகக் கொண்டை ஊசி வளைவு வரை நடக்கச் சொன்னால் யார் நடப்பார்கள்?

எந்தக் கருவி வந்தாலும் நான் விடாத கேள்வி ஒன்று உண்டு. "பாட்டி, ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?" காசநோய் மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து உள்ளே போயிருந்தால் ஆரஞ்சு நிறமாகப் போகும். "செவசெவன்னு போகுது கண்ணு" என்றால் சரி. ஆனால் நேரமாக ஆக நிறம் மங்கிவிடும். காலை மாத்திரைக்கு மதியத்துக்குள் மலையேறியாக வேண்டும்.