சௌரஸ்தா மாடிக் கடையில் கிடைத்த மார்க்ஸ், எங்கெல்ஸ் கடிதங்கள்

பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுவார்கள். மீன், கறிகாய், அப்புறம் ஜாதிக்காய் ஊறல் நாலு பொட்டலம், அவ்வளவுதான். மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பது உள்ளூர்க்காரர்கள் பலருக்கே மறந்துபோய்விட்டது. அதில் நான் வாடிக்கையாகப் போகும் ஒரு கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. பள்ளிப் பாடநூல்கள் குவிந்திருக்கும் கடைகளைத் தாண்டி உள்ளே போனால், கழுத்தளவு அடுக்குகளுக்கு நடுவே ஒரு பாய் உட்கார்ந்திருப்பார். அவர்தான் அடையாளம்.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இந்த இடதுசாரிப் புத்தகப் பைத்தியம் எப்படி வந்தது என்று பாய் ஒருநாளும் கேட்டதில்லை. எது வந்தாலும் எடுத்து வைப்பார். போன மாதம் படியேறும்போதே, "அக்கா, உங்க தாடிக்காரர் ரெண்டு பேரும் வந்திருக்காங்க" என்றார். மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆங்கில முழுத் தொகுப்பின் 41ஆம், 43ஆம் தொகுதிகள். மொத்தம் 50 தொகுதிகள் கொண்ட வரிசை அது. 38இலிருந்து கடைசி வரை எல்லாமே கடிதங்கள். இரண்டும் சேர்த்து 70 வெள்ளி (ரிங்கிட்) என்று பென்சிலில் எழுதியிருந்தது. 60க்கு முடிந்தது. கெட்டி அட்டை, தையல் உறுதி, ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு, உள்ளே ஒரு கோடு கிறுக்கல் இல்லை. இதற்கு முன் இணையக் கடை ஒன்றில் ஒரு தொகுதி வாங்கி, மங்கலான நகலெடுப்பை ஒட்டி அனுப்பி ஏமாற்றினார்கள். பாய் கடையில் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துதான் காசு கொடுக்கிறோம், அந்த வம்பே இல்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். இந்த இருவரின் நட்பைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் 1844இல் பாரிஸில் சந்தித்துப் பத்து நாள் பேசியதையும், 1848இல் கம்யூனிஸ்ட் அறிக்கை வந்ததையும் சொல்லிவிட்டு நேரே தத்துவத்துக்குப் போய்விடுவார்கள். நடுவில் அரிசிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கிராணிக் கண்ணோடு படித்தால் இந்தக் கடிதங்களில் முதலில் தெரிவது அதுதான். எங்கெல்ஸ் 1850இல் மான்செஸ்டரில் அப்பாவுக்குப் பங்கு இருந்த பஞ்சு நூல் கம்பெனியில் போய் உட்கார்ந்தார். முதலில் குமாஸ்தா, 1864இல் பங்குதாரர். அந்த வேலை அவருக்கு வேப்பங்காய். ஆனாலும் ஏறக்குறைய இருபது வருஷம் அங்கேயே இருந்து, லண்டனில் கடனிலும் நோயிலும் கிடந்த மார்க்ஸ் குடும்பத்துக்குப் பணம் அனுப்பினார். தபாலில் திருடு போகக் கூடாதென்று பவுண்ட் நோட்டைப் பாதியாக வெட்டி, ஒரு பாதி ஒரு கடிதத்தில், மறுபாதி இன்னொன்றில். அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டைப் படித்தபோது தொழில் முறையில் எனக்கு மரியாதையே வந்தது.

41ஆம் தொகுதியில் 1863 ஜனவரிக் கடிதங்களைத் தவறவிடாதீர்கள். எங்கெல்ஸோடு பல வருஷம் வாழ்ந்த ஐரிஷ் பெண் மேரி பர்ன்ஸ் திடீரென்று இறந்துபோகிறார். எங்கெல்ஸ் உடைந்துபோய் நாலு வரி எழுதுகிறார். மார்க்ஸின் பதிலில் துக்கம் விசாரிப்பது ஒன்றிரண்டு வரி. மிச்சமெல்லாம் பள்ளிக்கூடக் கட்டணம், வாடகை, தன் கஷ்டம். மனுஷனா இவர் என்று எனக்கே கோபம் வந்தது. எங்கெல்ஸ் உடனே எழுதவில்லை. 13ஆம் தேதிதான் எழுதுகிறார், கடிதம் சில்லென்று இருக்கிறது. சாதாரணப் பழக்கக்காரர்கள்கூட இதைவிட அன்பு காட்டினார்கள் என்று சொல்லிக்காட்டுகிறார். மார்க்ஸ் சில நாள் பொறுத்து மன்னிப்புக் கேட்கிறார், அதுவும் அவருக்கு அபூர்வம். எங்கெல்ஸ் மன்னித்தது மட்டுமில்லை, எப்படியோ புரட்டி 100 பவுண்டும் அனுப்பிவைக்கிறார். சொந்த அண்ணன் தம்பிக்குள் இப்படி ஒரு வார்த்தை வந்தால் நம் வீடுகளில் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகமாட்டார்கள்.

43ஆம் தொகுதி வேறு சுவை. 1868 நவம்பரில் எங்கெல்ஸ் இரண்டே கேள்வி கேட்கிறார்: கடனெல்லாம் அடைக்க எவ்வளவு வேண்டும், வருஷத்துக்கு 350 பவுண்ட் இருந்தால் குடும்பம் ஓடுமா? கம்பெனியிலிருந்து தன் பங்கைப் பிரித்துக்கொண்டு வருவதற்கு முன்னால் நண்பனின் செலவைக் கணக்கில் ஏற்றுகிறார். மார்க்ஸ் அசந்துபோய், மனைவி ஜென்னியிடமிருந்து எல்லாப் பில்களையும் வாங்கிப் பார்க்கிறார். கடன் தான் நினைத்ததைவிட அதிகம்! மூலதனத்தைப் பற்றி உலகமே படிக்கிற புத்தகத்தை எழுதியவருக்கு வீட்டுக் கடன் எவ்வளவு என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் ஜூலை முதல் தேதி எங்கெல்ஸ் ஹுர்ரே போட்டு எழுதுகிறார்: வியாபாரம் முடிந்தது, இனி நான் சுதந்திர மனிதன். ஆபிசில் கடைசி நாளன்று சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கடிதம் நன்றாகப் புரியும்.

இந்த மாதிரிப் புத்தகங்களை இப்படி வெளிச்சத்தில் வைத்து விற்பதே இங்கே சின்ன விஷயமில்லை. 1929 கடைசியில் பெரியார் கப்பலில் வந்து இறங்கியது இதே பினாங்கில்தான். கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் 1931இல் அவருடைய 'குடிஅரசு' இதழ் வெளியிட்டது. ஆனால் 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவில் அவசரகாலம் கொண்டுவந்தபின் கதையே மாறிவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கப்புறம் எஸ்டேட் லயங்களில் சிவப்பு எழுத்துப் புத்தக அட்டையைப் பார்த்தாலே அடுப்பில் போட்டுவிடுவார்களாம். என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாய் கடையில் இவை சமையல் புத்தகங்களுக்கும் தஃப்சீர் என்ற குர்ஆன் விளக்க நூல்களுக்கும் நடுவில் சும்மா நிற்கின்றன.

குறைகளும் உண்டு. மதியத்தில் அந்த மூலை வேகும். ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் பாய் பக்கம் திரும்பியிருக்கும். ஆங்கிலம், மலாய், தமிழ் எல்லாம் கலந்துகட்டி அடுக்கியிருப்பதால் நீங்களே தேடினால் ஒன்றும் அகப்படாது, அவரிடம் கேட்டுவிடுங்கள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் எப்போதாவது ஒன்றிரண்டு வரும், வந்த வேகத்தில் போய்விடும். கார்டு எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். பேரம் பேசலாம், ஆனால் ஒரே ஒரு புத்தகத்துக்குப் பேசினால் முகம் மாறிவிடும். மூன்றாக எடுத்தால் அவரே குறைப்பார்.

எனக்கு இன்னும் 42ஆம் தொகுதி கிடைக்கவில்லை. மூலதனம் முதல் பாகத்தின் கடைசித் தாளைத் திருத்தி முடித்துவிட்டு, 1867 ஆகஸ்ட் 16 அன்று இரவு 2 மணிக்கு மார்க்ஸ் எங்கெல்ஸுக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதம் அதில்தான் இருக்கிறது. பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் "வரும்க்கா" என்கிறார். அங்கே போகிறவர்கள் யாராவது 42ஐப் பார்த்தால் தயவுசெய்து கையில் எடுக்காமல், அக்காவுக்கு எடுத்து வையுங்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.