பியூர் டேட்டாவில் லாக் ஸ்லைடர்: நெடுநாள் புழங்கியதில் வந்த புலம்பல்

ஃபில்டர் ஸ்லைடருக்கு வளைவு வைக்க (நகர்த்தும் தூரத்துக்கு மதிப்பு நேர்கோடாக ஏறாமல் வளைந்து ஏற), அதுவும் வேண்டியபடி வளைத்துக்கொள்ள, பியூர் டேட்டா (பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து ஒலி நிரல் எழுதும் மென்பொருள்) சரிப்படுமா என்று நண்பர் கேட்டிருந்தார். சரிப்படும். ஆனால் நான் பட்ட பாட்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

வளைவு எதற்கு என்ற பாடமெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கணக்கு. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான கட்-ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்ணை) 0–127 என எண் அனுப்பும் மிடி குமிழில் நேர்கோடாகப் பரப்பினால் படிக்கு 157 ஹெர்ட்ஸ். முதல் படியிலேயே 20 போய் 177 வந்துவிடும். மூன்று ஆக்டேவுக்கு மேல் காலி (அதிர்வெண் ஒருமுறை இரட்டித்தால் ஓர் ஆக்டேவ்). மேல்பாதி முழுக்கத் திருகினாலும் ஒரே ஆக்டேவ்தான். லாக்கில் (மடக்கை அளவில், ஒவ்வொரு படியும் ஒரே மடங்கில் ஏறும்படி) போட்டால் எல்லாப் படியும் சமம், ஏறக்குறைய ஒரு செமிடோன், அதாவது ஆக்டேவில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

இந்த லாக், ஸ்லைடரின் ப்ராப்பர்ட்டீஸிலேயே இருக்கிறது. கட்-ஆஃபுக்கு அருமை. வால்யூமுக்கு 0–1 என்று கொடுத்தால்தான் வம்பு. லாக்கில் பூஜ்யத்துக்கு இடமில்லை என்பதால் கீழ் எல்லையைத் தானே 0.01 ஆக்கிக்கொள்ளும். அது மைனஸ் 40 டெசிபல். அடிவரை இழுத்துவிட்டாலும் ஹெட்ஃபோனில் ஏதோ முனகிக்கொண்டே இருக்கும். கணக்குப்படி அது செய்வது நியாயம்தான், மறுக்கவில்லை. கேட்காமல் செய்வதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. 0–100 லீனியர் ஸ்லைடருக்குக் கீழே 'டிபிடுஆர்எம்எஸ்' (dbtorms, டெசிபலை ஒலியளவாக மாற்றும் பெட்டி) போட்டால் 100-க்கு 1, 0-க்கு அசல் பூஜ்யம் கிடைக்கும். வால்யூமுக்கு இதுவே போதும்.

ஆனால் இந்த வளைவுகள் எதையும் கூட்டிக் குறைக்க முடியாது. மேக்ஸில் (இதேபோன்ற இன்னொரு மென்பொருள்) 'ஸ்கேல்' ஆப்ஜெக்டுக்கு வளைவைக் கூடுதல் ஆர்க்யுமென்டாகக் கொடுத்துவிடலாம். வெனிலா (கூடுதல் தொகுப்பு எதுவும் சேர்க்காத) பியூர் டேட்டாவில் அப்படியொன்று இல்லை, 'எக்ஸ்ப்ர்' (expr, சூத்திரத்தைக் கணக்கிடும் பெட்டி) எழுத வேண்டும். ஸ்லைடரின் இடம் 0 முதல் 1 வரை. ஓர் அடிமான எண்ணை அந்த இடத்தின் அடுக்குக்கு உயர்த்தி 1 கழிக்க வேண்டும். வந்ததை, அடிமானத்திலிருந்து 1 கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். தொடக்கம் சரியாக 0, முடிவு சரியாக 1, முனகல் கிடையாது. அடிமானம் 1-க்கு மேல் என்றால் கீழ்ப்பகுதி விரியும், குறைந்தால் மேல்பகுதி. சரியாக 1 என்றால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும் கூத்து, அப்போது மட்டும் நேர்கோட்டுக்குத் திருப்பிவிட வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்துப்போனது ஒன்று உண்டு. அடிமானம் 81 என்றால் காதுக்கு என்ன புரியும்? "ஸ்லைடர் நடுவில் நிற்கும்போது எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த நடுமதிப்பை 0–1 அளவுக்கு மாற்றி, 1-லிருந்து கழித்து, அதே நடுமதிப்பால் வகுத்து, வர்க்கம் எடுத்தால் அடிமானம் வந்துவிடும். 0.1 என்றால் 81, 0.5 என்றால் 1, அதாவது நேர்கோடு. 20–20,000-க்கு நடுவில் 632 ஹெர்ட்ஸ் கேட்டுப் பாருங்கள், அடிமானம் ஏறக்குறைய 1000 வரும். 20,000-ஐ 20-ஆல் வகுத்தாலும் அதே 1000. உள்ளேயே இருக்கும் லாக் ஸ்லைடரின் வளைவு இதுதான்! நடுமதிப்பைக் கேட்கும் இந்தக் குமிழ் இல்லாத பேட்ச் (பெட்டிகளை இணைத்து எழுதிய நிரல்) எதுவும் இப்போது என்னிடம் இல்லை.

கோபம் வருவது அந்தக் குமிழைத் திருப்பும்போதுதான். 'எக்ஸ்ப்ர்'-இன் இடது இன்லெட் (உள்ளீட்டு வாய்) மட்டுமே சூடு, எண் வந்ததும் கணக்கிடும்; மற்றதெல்லாம் குளிர், வாங்கி வைத்துக்கொள்ளும். வளைவு எண் வலது இன்லெட்டில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். சத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது. பெரிய ஸ்லைடரைத் தொட்ட நொடியில் எல்லாம் ஒரேயடியாகத் தாவும். நடுவில் ஒரு 'டிரிகர்' போட்டு, எண்ணை முதலில் வலப்பக்கமும் பிறகு ஒரு பேங்கை ('இப்போது கணக்கிடு' என்ற சமிக்ஞையை) இடப்பக்கமும் அனுப்பினால் சரியாகிவிடும். எத்தனை பேட்ச் போட்டாலும் எத்தனை வளைவு வைத்தாலும் இதே சடங்கு. பிரீசெட்டிலிருந்து (சேமித்துவைத்த அமைப்பிலிருந்து) 632 வந்தால் ஸ்லைடர் நடுவில் போய் நிற்க வேண்டாமா? அதற்கு இந்தக் கணக்கையே தலைகீழாக எழுதி இன்னொரு 'எக்ஸ்ப்ர்'.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே மேக்ஸ் இருக்கிறது, 'ஸ்கேல்' போட்டுவிட்டு இசையைப் பாருங்கள். அதில் நடுமதிப்புக் குமிழ் கிடையாது, அவ்வளவுதான். வேண்டுமென்றால் என் பேட்சை அனுப்புகிறேன், அந்தக் கணக்கை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். நான் மட்டும் இதைவிட்டு நகரப்போவதில்லை.