சீட்டா, வீடியோ காலா? கணவரைக் காய் வாங்க அனுப்பும் வழிகள்

ஞாயிறு காலை என் கணவர் மஞ்சப்பையோடு உழவர் சந்தைக்குக் கிளம்புவார். 1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே எங்கள் மதுரை அண்ணா நகரில்தான். விளைவித்தவரே விற்கிறார், விலையையும் பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். பேரம் பேசத் தெரியாதவரும் பயமில்லாமல் போகலாம். எதை வாங்குவது என்பதில்தான் வில்லங்கம். மூன்று விதமாக அனுப்பிப் பார்த்துவிட்டேன்.

"உங்க இஷ்டத்துக்கு வாங்கிட்டு வாங்க" என்று விடுவது முதல் வழி. சல்லிசாகக் கிடைத்தது என்று நாலு கிலோ தக்காளி வரும், பச்சை மிளகாய் வராது. வாரம் முழுக்கத் தக்காளித் தொக்குதான். தை மாதம் கேட்காமலே பனங்கிழங்கு வாங்கி வருவார். அதற்காக மட்டும் இந்த வழியை அடியோடு ஒதுக்க மனசு வரவில்லை.

அடுத்தது வீடியோ கால். காயின் தரத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் முதல் பத்து நிமிடம் எனக்குத் தெரிவது சந்தையின் கூரையும் அவருடைய காதும்தான். "வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பாருங்க" என்றால், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அந்தம்மா திட்டப் போறாங்க" என்று கிசுகிசுப்பார். ஒருநாள் அந்தம்மாவே போனை வாங்கி, "அக்கா, நீங்க பாருங்க" என்று டக்கென ஒடித்துக் காட்டினார். முருங்கைக்காயை முறுக்கிக் காட்டினார், தேங்காயைக் காதருகே ஆட்டிக் காட்டினார். இவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் பிஞ்சாக, அருமையாக வந்தன. ஆனால் வாங்கியது நான்தானே? அடுப்பில் பருப்பு அடிப்பிடித்ததும் என் கணக்கில்தான்.

கடைசியாகத் துண்டுச்சீட்டு. எழுத இரண்டு நிமிடம், அப்புறம் ஒரு மணி நேரம் வீடு நிம்மதி. ஒரே சிக்கல், சீட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்வார். "வெங்காயம்" என்று எழுதினால் பெரிய வெங்காயம்தான் வரும், சாம்பாருக்கு என்று அவருக்குத் தோன்றாது. ஒருமுறை அவசரத்தில் "மல்லி" என்று மட்டும் எழுதிவிட்டேன். ரசத்துக்குத் தழை வரும் என்று காத்திருந்தால், இரண்டு முழம் மல்லிப்பூவோடு வந்து நிற்கிறார். "சந்தைக்குள்ள கிடைக்கலம்மா, வெளிய பூக்காரம்மாகிட்ட வாங்குனேன்" என்று பெருமை வேறு! 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரால் சண்டை போட முடியும்? அன்றைக்கு ரசம் மொட்டையாகத்தான் இறங்கியது.

என் ஓட்டு சீட்டுக்கே. அளவையும் ரகத்தையும் சேர்த்து எழுத வேண்டும்: "சின்ன வெங்காயம் அரைக் கிலோ", "மல்லித்தழை ஒரு கட்டு". விருந்தாளி வருகிற நாளில் மட்டும் வீடியோ கால், அதுவும் அடுப்பை அணைத்துவிட்டு.

போன வாரம் அப்படித்தான் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். மல்லித்தழை சரியாக வந்தது. பைக்கு அடியில் வாழை இலைப் பொட்டலம் ஒன்றும் இருந்தது.

"இது சீட்டுல இல்லையே?"

"பழைய சீட்டும் சட்டைப் பையில இருந்துச்சும்மா."